வானம் மட்டும் நகரட்டும்: மலையில் இரவு வானத்தை டைம்லாப்ஸ் எடுக்கும் முறை

கடலூர் சில்வர் பீச்சிலோ புதுச்சேரி கடற்கரைச் சாலையிலோ நின்று அண்ணாந்து பார்த்தால், நிலா இல்லாத ராத்திரியிலும் நல்ல பிரகாசமான நட்சத்திரங்கள் மட்டும்தான் கண்ணில் படும். பால்வீதி தெரியாது. ஊர் விளக்குகள் ஒரு காரணம். கடலோரக் காற்றில் மிதக்கும் ஈரமும் உப்புத் துகளும் இன்னொரு காரணம். விளக்கு வெளிச்சத்தை வாங்கி வானம் முழுக்கப் பூசிவிடும் அவை. அந்த ஈரப் படலத்துக்கு மேலே ஏற வேண்டும், ஊர் வெளிச்சத்தைவிட்டு விலகவும் வேண்டும். மலைக்குப் போவது அதற்காகத்தான்.

இடைவெளி விட்டு வரிசையாக எடுத்த தனிப் படங்களை வேகமாக ஓடவிட்டு வீடியோவாக்குவதுதான் டைம்லாப்ஸ். முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வீடியோவில் ஒரு வினாடிக்கு 25 படம். 10 வினாடிக் காட்சிக்கு 250 படம். ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் 20 வினாடி திறந்திருந்து, 2 வினாடி இடைவெளி விட்டால் ஒரு படத்துக்கு 22 வினாடி. 250-ஐ 22-ஆல் பெருக்கினால் 5,500 வினாடி, அதாவது ஒன்றரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். பத்து வினாடிக் காட்சிக்கு இவ்வளவு நேரம் கேமரா மலையில் தனியாக நிற்க வேண்டும். அந்த நேரம் முழுக்க வானத்தைத் தவிர எதுவும் மாறக் கூடாது. ஃபோகஸ் மாறக் கூடாது, லென்ஸில் பனி படியக் கூடாது, டிரைபாட் அசையக் கூடாது, பேட்டரி தீரக் கூடாது. தனிப் படத்தில் சின்னத் தவறு நடந்தால் அடுத்த படத்தில் சரிசெய்துகொள்ளலாம். டைம்லாப்ஸில் நூறாவது படத்தில் நடந்த தவறு மிச்சமிருக்கும் நூற்றைம்பதையும் சேர்த்துக் கெடுக்கும். கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

எந்த மலைக்கு

கடலூர், புதுச்சேரியிலிருந்து ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய நல்ல இருட்டு இரண்டு இடங்களில் இருக்கிறது: கல்வராயன் மலை, ஜவ்வாது மலை.

கல்வராயனுக்கு உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி வழியாகப் போய், கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறலாம். ஜவ்வாதுக்குத் திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, போளூர் வழியாக ஜமுனாமரத்தூர். ஜவ்வாது மலையின் இருட்டுக்குச் சான்று வேறெங்கும் தேட வேண்டாம். இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் வைணு பாப்பு வானாய்வகம் அந்த மலையில்தான், காவலூரில், கடல் மட்டத்திலிருந்து 700 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கிறது. 2.3 மீட்டர் விட்டமுள்ள கண்ணாடியோடு ஒரு தொலைநோக்கி அங்கே வேலை செய்கிறது. அந்தப் பக்கம் ராத்திரியில் போனால் ஹை பீம் போடாதீர்கள், வானத்தை நோக்கி டார்ச் அடிக்காதீர்கள். நமக்கு ஒரு படம் வீணாகும் விஷயம், அவர்களுக்கு ஒரு ராத்திரியின் ஆய்வையே கெடுக்கும்.

செஞ்சியைப் பயிற்சி இடமாக வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, மாலையில் பூட்டிவிடுவார்கள், ராத்திரி உள்ளே இருக்க முடியாது. ஆனால் வெளியே சாலைப் பக்கமிருந்து ராஜகிரியின் பாறை உருவத்தை முன்னே வைத்து எடுக்கலாம். ஊர் வெளிச்சம் இருக்கத்தான் செய்யும். அமைப்புகளையும் ரிமோட்டையும் கைக்குப் பழக்கப்படுத்திக்கொள்ள அது போதும்.

இருட்டு எவ்வளவு என்பதைவிட, எந்தத் திசையில் இருட்டு என்பதுதான் முக்கியம். பால்வீதியின் நடுப்பகுதி நமக்குத் தென்கிழக்கில் எழும். ஆகவே தென்கிழக்கிலும் தெற்கிலும் பெரிய ஊர் இல்லாத சரிவு வேண்டும். ஜமுனாமரத்தூரிலிருந்து பார்த்தால் திருவண்ணாமலையின் வெளிச்சம் தெற்கு தென்கிழக்கில் அடிவானத்தில் மங்கலாகத் தெரியும். அதை ஒரு குன்றோ மரக்கூட்டமோ மறைக்கிற மாதிரி நிற்க வேண்டும். கல்வராயனின் கிழக்கு விளிம்பில் நின்றால் கள்ளக்குறிச்சி நேர் எதிரே வரும். உள்ளே தள்ளிப் போனால் மலையே அதை மறைத்துக்கொள்ளும். உச்சியில் நின்றால்தான் நல்ல படம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். உச்சியில் நாலா பக்கத்து ஊர் வெளிச்சமும் தெரியும், காற்றும் அங்கேதான் அதிகம். மலைக்கு நடுவில் தட்டாக இருக்கும் கொல்லை, டைம்லாப்ஸுக்கு உச்சியைவிட நல்லது.

எந்த மாதம், எந்தத் திதி

ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழை. மார்கழியிலும் தையிலும் வானம் தெளிந்தாலும் மூடுபனி அதிகம். மாசி, பங்குனிதான் நமக்கு உகந்த காலம். சித்திரையில் வெயில் ஏற ஏற மாலை இடி மேகம் வரத் தொடங்கும். ஆடி, ஆவணியில் பால்வீதி அந்தி சாய்ந்ததும் தலைக்கு மேலேயே இருக்கும், ஆனால் மேகத்தை நம்ப முடியாது.

மார்ச் 20 வாக்கில் பால்வீதியின் நடுப்பகுதி ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு அடிவானத்தில் எழும். 2 மணிக்குத் தென்கிழக்கில் சுமார் 18 டிகிரி உயரத்தில் இருக்கும். கையை நீட்டி முட்டியை மடக்கிப் பிடித்தால் ஒரு முட்டி 10 டிகிரி. ஆக ஏறக்குறைய இரண்டு முட்டி. 5 மணிக்குத் தெற்கை நெருங்கி 46 டிகிரிக்கு ஏறிவிடும், அப்போதே கிழக்கு வெளுக்கத் தொடங்கும். 2 முதல் 5 வரை, மூன்று மணி நேரம், உங்கள் கையில். நாளுக்கு 4 நிமிடம் முன்னதாக எழும் என்பதால் மாதத்துக்கு 2 மணி நேரம் மாறும். பிப்ரவரி 20-ல் போனால் எழுவதே இரண்டேகால் மணிக்கு மேல். ஏப்ரல் நடுவில் பதினொரு மணிக்கு முன்பே எழுந்துவிடும்.

அடையாளம் கண்டுபிடிக்க ஆப் இல்லாமலும் முடியும். பஞ்சாங்கத்தில் படிக்கிற அனுஷம், கேட்டை, மூலம் மூன்றும் வானத்தில் விருச்சிக (தேள்) நட்சத்திரக் கூட்டத்தில்தான் இருக்கின்றன. கேட்டை செக்கச் செவேலென்று ஒரு மீன். மூலம் தேளின் கொடுக்கு. கேட்டை எழுந்து ஒன்றேகால் மணி நேரத்தில், கொடுக்குக்குச் சற்று இடப்பக்கமாகப் பால்வீதியின் நடுப்பகுதி எழுந்துவிடும்.

நிலாவுக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். அமாவாசைக்குத்தான் போக வேண்டும் என்பது பாதி உண்மை. வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும், தசமி நிலா இரண்டு மணிக்குச் சற்று மேலே மறையும். நமக்கு வேண்டியது விடியற்காலை இருட்டு என்பதால், அமாவாசையிலிருந்து வளர்பிறை தசமி வரைக்கும் தாராளமாகப் போகலாம். மறையப்போகும் நிலா மேற்கிலிருந்து மலைச்சரிவில் மெல்லிய வெளிச்சம் போடுகிற முதல் அரை மணி நேரம், விளக்கு வைத்து யாராலும் கொண்டுவர முடியாத அழகு. மாறாக, தை, மாசியில் அந்தி நேரத்தில் மிருகசீரிடம், திருவாதிரை, கார்த்திகையை எடுக்கப் போகிறீர்கள் என்றால் தேய்பிறைப் பக்கம் போக வேண்டும். தேய்பிறை அஷ்டமியில் நிலா நள்ளிரவு வாக்கில்தான் எழும், அதுவரை இருட்டு.

சூரியன் மறைந்த உடனே வானம் இருட்டிவிடாது. சூரியன் அடிவானத்துக்கு 18 டிகிரி கீழே போனால்தான் முழு இருட்டு. நம்ம ஊர் அட்சரேகையில் அதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகும். முதல் தடவை எடுப்பவர்கள் அதற்குப் பிறகு தொடங்குவதே நல்லது. அந்தியிலிருந்து இருட்டுவரை ஒரே காட்சியாக எடுக்க ஆசை வரும். ஆனால் 1/250 வினாடி, ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100-ல் தொடங்கி 20 வினாடி, ஐஎஸ்ஓ 3200-ல் முடிப்பதென்றால் வெளிச்சத்தில் 17 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). அதைப் படிப்படியாக ஏற்றுவது தனிக் கலை. இருட்டில் மட்டும் நாலைந்து காட்சி சுத்தமாக எடுத்த பிறகு அதற்குப் போங்கள்.

கிளம்பும் முன் மேகப் படம் பாருங்கள். இந்திய வானிலைத் துறையின் செயற்கைக்கோள் படமும், விண்டி மாதிரி ஆப்பில் தாழ்மேகம், நடுமேகம், உயர்மேகம் மூன்றும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உயர்மேகம் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் 20 வினாடிப் படத்தில் நட்சத்திரங்களைச் சுற்றிப் பஞ்சு மாதிரி வந்துவிடும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்

கேமரா மேனுவல் மோடும் ரா ஃபைலும் (கேமரா திருத்தாமல் தரும் மூலப் படம்) உள்ள எதுவாக இருந்தாலும் சரி. லென்ஸ்தான் முக்கியம்: சிறிய கிராப் சென்சாருக்கு 10 முதல் 16 மி.மீ., ஃபுல் ஃப்ரேமுக்கு 14 முதல் 24 மி.மீ., எஃப்/2.8 அல்லது அதைவிட அகலம். கேமராவோடு சேர்ந்து வரும் 18–55 லென்ஸ் 18-ல் எஃப்/3.5 வரை திறக்கும். அதிலும் முடியும், ஐஎஸ்ஓவைக் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும், அவ்வளவுதான்.

கேனான் 1500டி போன்ற கேமராக்களுக்குள் இன்டர்வல் வசதி (இடைவெளி விட்டுத் தானாகப் படம் எடுப்பது) கிடையாது, இன்டர்வலோமீட்டர் ரிமோட் தனியாக வாங்க வேண்டும். நிக்கானின் பல மாடல்களில் உள்ளேயே இருக்கிறது. ரிமோட் வாங்கப் போனால் கேமரா மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள், பிளக் மாடலுக்கு மாடல் மாறும்.

மெமரி கார்டு 64 ஜிபி போதும். 24 மெகாபிக்சல் ரா ஃபைல் ஏறக்குறைய 25–30 எம்பி. 250 படத்துக்கு 7 ஜிபி வரும்.

பேட்டரி புதிதாக இருந்தாலும் இரண்டு, இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நம்ப வேண்டாம். பேட்டரி இடத்தில் வைத்து, ஒயரைப் பவர்பேங்கில் செருகும் டம்மி பேட்டரி கிடைக்கிறது. பேட்டரி மூடியின் ஓரத்தில் சின்ன ரப்பர் மடல் இருக்கும். அதைத் தூக்கி ஒயரை வெளியே விட்டு மூடியை முழுசாக மூட வேண்டும். மூடி மூடவில்லை என்றால் கேமரா ஆன் ஆகாது. இதில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால், எதுவும் செருகவில்லை என்று நினைத்துச் சில பவர்பேங்க் தானாகவே அணைந்துவிடும். லென்ஸ் ஹீட்டரையும் அதே பவர்பேங்கில் செருகிவிட்டால் அது அணையாது.

லென்ஸ் ஹீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம்ம மலைகளில் டைம்லாப்ஸைக் கெடுப்பதில் முதலிடம் பனிக்குத்தான். தெளிந்த வானத்தை நோக்கி நிற்கும் லென்ஸின் முன் கண்ணாடி, சூட்டை வானத்துக்கு விட்டு விட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். குளிர்ந்த சொம்பின் வெளியே நீர் முத்து முத்தாகப் பூக்கிற மாதிரி கண்ணாடியில் பனி பூக்கும். தொடக்கத்தில் நட்சத்திரங்களைச் சுற்றி மெல்லிய ஒளிவட்டம் வரும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். அடுத்த பத்துப் பதினைந்து படத்தில் மங்கல் கூடும். பிறகு வெறும் சாம்பல். கேமரா பாட்டுக்கு எடுத்துக்கொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால்தான் தெரியும்.

துணியால் துடைப்பது தீர்வாகாது. துடைத்த நாலு நிமிடத்தில் மறுபடி பூக்கும், துடைக்கும்போது ஃபோகஸ் ரிங்கும் நகரும். யூஎஸ்பி ஹீட்டர் பட்டை 5 முதல் 10 வாட்டில் கிடைக்கிறது. லென்ஸின் முன் விளிம்பை ஒட்டி, ஃபோகஸ் ரிங்கின் மேல் படாமல் சுற்றி, ஹூட்டையும் மாட்டிவிடுங்கள். 10,000 எம்ஏஎச் பவர்பேங்க் 10 வாட் ஹீட்டரை இரண்டரை, மூன்று மணி நேரம்தான் தாங்கும். 20,000 எடுத்துப் போங்கள். ஹீட்டரைக் கடைசி நேரத்தில் போடக் கூடாது. லென்ஸ் சூடேறினால் ஃபோகஸ் கொஞ்சம் நகரும். ஹீட்டரைப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து ஃபோகஸ் பிடிப்பதுதான் முறை. ஹீட்டர் இல்லையென்றால், பனிப் பிரதேசம் போகிறவர்கள் வைத்திருக்கும் ஹேண்ட் வார்மர் பாக்கெட் இரண்டை ரப்பர் பேண்ட் போட்டு லென்ஸில் கட்டினாலும் நேரம் ஓடும்.

இவை தவிர: டார்ச்சில் ஒட்டச் சிவப்புக் கலர் பேப்பர் (வெள்ளை வெளிச்சம் பட்டால் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது, முப்பது நிமிடம் ஆகும்), மாஸ்கிங் டேப், டிரைபாட்டில் கட்ட மணல் பை, கம்பளி, ஃபிளாஸ்கில் சுடச்சுட காபி.

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள்

மாலை 4 மணிக்கு இடத்தில் இருக்க வேண்டும். கால் எங்கே வைக்கிறோம், சரிவு எங்கே முடிகிறது, முன்னே எந்த மரம் வரும் என்பதெல்லாம் இருட்டில் தெரியாது. இரண்டு மலையிலும் பெரும்பகுதி காப்புக்காடு. அனுமதி இல்லாமல் ராத்திரி நுழையக் கூடாது. கரடி நடமாட்டம் உண்டு, பாம்பும் உண்டு. ஊரை ஒட்டிய கொல்லையில் நிற்பதுதான் பாதுகாப்பு. அதற்கும் அந்தக் குடும்பத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்: “அண்ணே, உங்க கொல்லையில ராத்திரி கேமரா வெச்சுக்கட்டுமா? நட்சத்திரம் புடிக்கத்தான்” என்றால் போதும், எந்தப் பக்கம் போகக் கூடாது என்பதையும் அவர்களே சொல்வார்கள். காட்டுப்பன்றிக்குப் பயந்து சில நிலங்களில் மின்வேலி போடுவதுண்டு. சொன்ன இடத்தைவிட்டு இருட்டில் ஒரு அடிகூட நகராதீர்கள். படம் இன்னொரு ராத்திரி எடுக்கலாம்.

திசையை ஃபோன் காம்பஸில் பார்க்கும்போது காரிலிருந்தும் டிரைபாட்டிலிருந்தும் தள்ளி நில்லுங்கள், இரும்பு பக்கத்தில் இருந்தால் பொய் சொல்லும். துருவ நட்சத்திரம் நமக்கு வடக்கில் 12 டிகிரியில்தான் இருக்கும், ஒரு முட்டிக்குச் சற்று மேலே. வடக்கில் மலை உயர்ந்திருந்தால் அதுவே மறைந்துவிடும்.

ஃப்ரேமிங்கில் வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐரோப்பாவில் பால்வீதி அடிவானத்தை ஒட்டிப் பக்கவாட்டில் நகரும். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நட்சத்திரங்கள் இங்கே ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழும். ஃப்ரேமின் நடுவில் பால்வீதியை வைத்துத் தொடங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் அது மேல் விளிம்பை நெருங்கிவிடும். தொடக்கத்தில் அதைக் கீழ்-இடப்பக்கத்தில் வைத்து, மேலேயும் வலப்பக்கமும் வெற்று வானம் விட்டு வையுங்கள். நிலம் ஃப்ரேமில் கீழே ஐந்தில் ஒரு பங்கு போதும்.

டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தவே உயர்த்தாதீர்கள். கால்களையும் இடுப்பு உயரத்துக்குமேல் நீட்ட வேண்டாம். மண்ணாக இருந்தால் காலை அழுத்திப் புதையுங்கள். மணல் பையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட வேண்டும். ஆடும் பை டிரைபாட்டையும் ஆட்டும். கேமராப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், காற்றில் அது பாய்மரம் மாதிரி இழுக்கும்.

ஃபோகஸ்

லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்பாதீர்கள். லென்ஸை மேனுவல் ஃபோகஸில் போட்டு, லைவ் வியூவில் நல்ல பிரகாசமான ஒன்றைப் பிடியுங்கள்: வியாழன் இருந்தால் வியாழன், இல்லையென்றால் கேட்டை. திரையில் 10 மடங்கு பெரிதாக்குங்கள். ஃபோகஸ் தவறியிருக்கும்போது நட்சத்திரம் மங்கலான வட்டமாகத் தெரியும். ரிங்கை மெதுவாகத் திருப்பினால் வட்டம் சுருங்கிச் சுருங்கிப் புள்ளியாகும். பல லென்ஸ்களில் ஒரு பக்கம் போனால் ஓரத்தில் ஊதா, மறுபக்கம் போனால் பச்சை தெரியும். ஊதா மறைந்து பச்சை தொடங்கும் அந்த நூலிடைதான் இடம். அதைத் தாண்டிப் போய்த் திரும்பி வாருங்கள், இரண்டு மூன்று தடவை. பக்கத்தில் மங்கலாக இருந்த சின்ன நட்சத்திரங்களும் திடீரென்று தெரிய ஆரம்பித்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அங்கேயே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஜூம் ரிங்குக்கும் டேப். பிறகு ஒரு 20 வினாடிப் படம் எடுத்து, பெரிதாக்கி நடுவிலும் மூலைகளிலும் பாருங்கள்.

அமைப்புகள்

மேனுவல் மோட். அபெர்ச்சர் (லென்ஸின் துளை) முழுசாகத் திறந்தது. இதற்கு வெளிச்சம் மட்டும் காரணமில்லை: எஃப்/4, எஃப்/5.6 என்று குறுக்கினால் லென்ஸின் இதழ்கள் ஒவ்வொரு படத்துக்கும் மூடித் திறக்கும், ஒவ்வொரு முறையும் மயிரிழை வித்தியாசத்தில் நிற்கும். அதுதான் வீடியோவில் படபடவென்று வெளிச்சம் துடிப்பதாகத் தெரியும். முழுசாகத் திறந்து வைத்தால் இதழ்கள் அசையாது, துடிப்பும் வராது.

ஷட்டர் 20 வினாடி. 24 மெகாபிக்சல் கிராப் கேமராவில் 16 மி.மீ. லென்ஸோடு, 20 வினாடியில் நட்சத்திரம் அதிகபட்சம் 6 பிக்சல் நகரும். 4கே வீடியோவுக்குச் சுருக்கும்போது அது 4 பிக்சல் ஆகும், ஓடும் படத்தில் கண்ணுக்கு உறுத்தாது. தனிப் படம் எடுப்பவர்கள் 10, 12 வினாடிக்கு இறங்குவார்கள். டைம்லாப்ஸுக்கு அது தேவையில்லை.

ஐஎஸ்ஓ 3200-ல் தொடங்குங்கள். இருட்டுக்குப் பழகிய கண்ணுக்குக் கேமராத் திரை பளீரென்று தெரியும், படம் நன்றாக வந்த மாதிரி ஏமாற்றும். திரையை நம்பாமல், படத்தின் வெளிச்சம் இருட்டிலிருந்து வெளுப்புவரை எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு இடப்பக்கச் சுவரில் ஒட்டாமல், இடப்பக்கத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி நிற்க வேண்டும். ஒட்டினால் 6400-க்குப் போங்கள்.

ஒயிட் பேலன்ஸ் ஆட்டோவில் இருந்தால் படத்துக்குப் படம் நிறம் மாறும். 4000 கெல்வினில் கட்டிப்போடுங்கள். லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷனை அணைக்க வேண்டும். அணைக்காவிட்டால் ஒவ்வொரு 20 வினாடிக்குப் பிறகும் கேமரா இன்னொரு 20 வினாடி மூடிய ஷட்டரோடு உட்கார்ந்துவிடும், காட்சி பாதிப் படங்களோடு தத்தித் தத்தி ஓடும். ஸ்டெபிலைசேஷனும் அணைந்திருக்க வேண்டும். படம் எடுத்ததும் திரையில் காட்டுவதை நிறுத்துங்கள். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரைக் கருப்புத் துணியால் மூடுங்கள். பின்னால் அடிக்கும் டார்ச் வெளிச்சம் அது வழியாக உள்ளே போகும்.

இன்டர்வல்தான் அதிகம் பேர் தவறும் இடம். நிக்கானில் இன்டர்வல் என்பது ஒரு படத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த படத்தின் தொடக்கம் வரை. 20 வினாடி ஷட்டருக்கு 22 வையுங்கள். ரிமோட்களில் சிலவற்றில் அதே எண், படம் முடிந்த பிறகு விடும் இடைவெளியைக் குறிக்கும். அப்போது 2 வைக்க வேண்டும். இன்னொன்று: ஷட்டரை 30 என்று வைத்தால் பல கேமராக்கள் உண்மையில் 32 வினாடி திறந்திருக்கும். 31 வினாடி இன்டர்வல் கொடுத்தவருக்கு ஒன்று விட்டு ஒரு படம்தான் கிடைக்கும். இதெல்லாம் மலையில் கண்டுபிடிக்கும் விஷயமில்லை. வீட்டு மொட்டை மாடியில் 10 படம் ஓடவிட்டு ஃபோன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள்: ஏறக்குறைய 220 வினாடியில் 10 படம் வந்தால் சரி.

ரிமோட்டின் டைமர் வேலை செய்யவில்லை என்றால் கடைசி வழி: கேமராவைத் தொடர் ஷூட்டிங்கில் போட்டு, ரிமோட் பட்டனை அழுத்திப் பூட்டிவிடுங்கள். 20 வினாடிப் படம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும்.

ஓடும்போது

தொடங்கிய பிறகு கேமராவைத் தொடாதீர்கள். சுற்றி நடப்பதையும் குறையுங்கள். மண் தரையில் காலடி அதிர்வு டிரைபாட்டுக்குப் போகும். அரை மணிக்கு ஒரு தடவை, சிவப்பு டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து, லென்ஸில் பனி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எண்ணிக்கை ஏறுகிறதா என்றும் பாருங்கள். கார் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும், அதை முன்பே அணைத்து வையுங்கள்.

ஒரு காட்சி முடிந்து அடுத்ததற்குப் போகும் முன் லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஷட்டர், அதே ஐஎஸ்ஓவில் 10 படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சென்சாரில் சிவப்பு, நீலமாக எரியும் சூடான பிக்சல்கள் எங்கெங்கே என்று அதில் தெரியும், பிறகு கழிக்கலாம். ஃபோகஸையும் மறுபடி பாருங்கள். நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் குளிர் இறங்க இறங்க லென்ஸ் சுருங்கி, முதல் காட்சியில் கூர்மையாக இருந்தது இரண்டாவதில் மங்கிப்போகும்.

வீட்டுக்கு வந்த பிறகு

ரா படங்களில் நடுவிலிருந்து ஒன்றை எடுத்து லைட்ரூமிலோ இலவசமான டார்க்டேபிளிலோ திருத்தி, அதே திருத்தத்தை எல்லாவற்றுக்கும் நகலெடுங்கள். நிற நாய்ஸை, அதாவது கலர் கலரான புள்ளிகளை, தாராளமாகக் குறைக்கலாம். வெளிச்ச நாய்ஸைக் கொஞ்சமாக மட்டும். அதிகம் வழித்தால் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வொரு மாதிரி வழிந்து, ஓடும்போது வானம் கொதிக்கிற மாதிரி தெரியும். 16:9-க்கு வெட்டி, 3840 பிக்சல் அகலத்தில் ஜேபெக் ஆக எடுங்கள்.

பிறகு டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருள். இலவசப் பதிப்பே 4கே வரை தரும். டைம்லைனை முதலிலேயே 25 ஃப்ரேமில் வைத்துவிட்டுப் படங்களை வரிசைத் தொகுப்பாக உள்ளே எடுங்கள். எண்களில் இடைவெளி இருந்தால் அது ஒரே காட்சியைத் துண்டு துண்டாகக் காட்டும். கேமராவின் எண் 9999-ஐத் தாண்டி 0001-க்குப் போன ராத்திரியிலும் இதே தொல்லைதான். ஆகவே உள்ளே எடுக்கும் முன் 0001-லிருந்து புதிதாகப் பெயர் மாற்றுங்கள். யாரோ வண்டி ஹெட்லைட் அடித்த படத்தை நீக்கினால் காட்சி அங்கே துள்ளும். நீக்குவதற்குப் பதில் முந்தைய படத்தின் நகலை அதே எண்ணில் போடுங்கள்.

யூடியூபில் ஏற்றும்போது கருநீல வானத்தில் படிப்படியாகக் கோடுகள் தெரிந்தால், மிக மெல்லிய கிரெய்ன் சேர்த்து, 50 எம்பிபிஎஸ் அளவில் எடுத்து ஏற்றுங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் நட்சத்திரங்களில் பாதி காணாமல் போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

கேமராவையும் கவனிக்க வேண்டும். மலைக்குளிரிலோ ஏசி காரிலோ குளிர்ந்து கிடந்த லென்ஸை, காலை பத்து மணிக்குக் கடலூர் வெக்கையில் பையிலிருந்து எடுத்தால் அந்த நிமிடமே உள்ளும் புறமும் வியர்க்கும். பை ஜிப்பைத் திறக்காமல் ஒரு மணி நேரம் வீட்டில் வையுங்கள். பிறகு கேமராவின் உடம்பை உலர்ந்த துணியால் துடைத்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போட்டு மூடுங்கள். உள்ளே சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று வைத்து, 40-க்கும் 50-க்கும் நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். 60-ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். கடலோரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும்.